ரயில் பார்க்கப் போகலாமா?

கேள்வி: நாலு வயசு, ஆறு வயசுப் பிள்ளைகளுக்குப் பழைய ரயில் எஞ்சினைக் காட்ட எங்கே போகலாம்?
- ஒரு வாசகி, எறையூர்

பதில்: திருச்சிக்குப் போங்கள். 2014-ல் திறந்த ரயில்வே அருங்காட்சியகம் ஜங்ஷனிலிருந்து அதிக தூரமில்லை. எஞ்சின்கள் வெட்டவெளியில் நிற்கின்றன; வெயில் ஏறினால் இரும்பு சுடும், மாலையில் போவதே நல்லது. அறைக்குள் இருக்கும் பழம்பொருட்கள் சின்னவர்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். எஞ்சின் பக்கமே நேரத்தைச் செலவிடுங்கள். உங்கள் ஊர் சர்க்கரை ஆலைக் கொதிகலனைச் சொல்லி, அதே நீராவிதான் இந்தச் சக்கரத்தையும் ஓட்டியது என்று விளக்கினால் சட்டெனப் புரியும். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்துகொடுத்த பொன்மலைப் பணிமனையும் திருச்சியில்தான் இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பெரம்பலூரில் ரயில் நிலையம் இல்லாததால் நம் பிள்ளைகளுக்கு ரயிலே அபூர்வம். ஆகவே திரும்பும்போது, சுற்றுவழியானாலும், அரியலூர் வரை ரயிலிலேயே வாருங்கள். அங்கிருந்து பஸ் பிடிக்கலாம்.