எந்த பாஸ்பேட்?



பாஸ்பேட் எஸ்டிமேஷன் என்றாலே லேபில் நம்ம கை தானாக ஒரே வழியில் போகும். ஆசிட் ஊற்று, சூடாக்கு, அம்மோனியம் மாலிப்டேட் சேர், மஞ்சள் வீழ்படிவு வந்தாச்சு, எடை போடு. ஆர்த்தோ பாஸ்பேட்டுக்கு அது சரி. கண்டென்ஸ்டு பாஸ்பேட்டுக்கு அந்தச் சூடுதான் எமன்.

ஆர்த்தோ பாஸ்பேட் உப்பைச் சுட்டுத் தண்ணீரை விரட்டினால், பாஸ்பேட்டுகள் ஆக்சிஜன் வழியாகக் கைகோர்த்துக்கொள்ளும். இரண்டு சேர்ந்தால் பைரோ, மூன்று சேர்ந்தால் டிரைபாலி. வளையமாகச் சேர்வது மெட்டா. இன்னும் நீண்ட சங்கிலி கிரஹாம் உப்பு. (கடையில் 'ஹெக்ஸா மெட்டா' என்று விற்பது ஆறு பேர் கொண்ட வளையம் இல்லை, நீண்ட சங்கிலிதான். தப்பான பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு.) ஆசிட்டில் கொதிக்க வைத்தால் கை விட்டுப்போய் எல்லாம் பழையபடி ஆர்த்தோ ஆகிவிடும். அப்புறம் எது எவ்வளவு இருந்தது என்று யாரைக் கேட்பது?

இது பரீட்சைக்கு மட்டும் உள்ள சமாசாரம் இல்லை. சலவைப் பவுடருக்குள் கடின நீரை அடக்குவது சோடியம் டிரைபாலிபாஸ்பேட். 1946-ல் அமெரிக்காவில் வந்த 'டைட்' பவுடர் முதல் இதற்குப் பெரிய மவுசு. சுத்தமான டிரைபாலியில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு 57.9 சதவீதம். மூட்டையில் அந்த அளவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். டிரைபாலியை 622 டிகிரிக்கு மேல் உருக்கினால் பைரோவாகவும் மெட்டா உருகலாகவும் பிரிந்துவிடும். வேகமாகக் குளிர்ந்தால் திரும்பச் சேராது. 72 பங்கு பைரோ, 28 பங்கு மெட்டா கலந்தாலும் கணக்கு அதே 57.9 தான்! காசு கொடுத்தது டிரைபாலிக்கு, வந்தது வேறு.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். தாமஸ் கிரஹாம் 1833-லேயே இந்த அமிலங்களைப் பிரித்துக் காட்டினார். சில்வர் நைட்ரேட் விட்டால் ஆர்த்தோ மஞ்சளாக விழும், பைரோவும் மெட்டாவும் வெள்ளையாக விழும். முட்டை வெள்ளைக்கருவைத் திரிய வைப்பது மெட்டா பாஸ்பாரிக் அமிலம் மட்டும்.

அளப்பதுதான் கஷ்டம். பைரோவுக்கு ஜிங்க் சல்பேட் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் வீழ்படிவை வடிகட்டவும் வேண்டாம், எடை போடவும் வேண்டாம். மாதிரியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச் 3.8-க்குக் கொண்டு வாருங்கள். அதே 3.8-க்குச் சரிசெய்த ஜிங்க் சல்பேட்டைத் தாராளமாகச் சேருங்கள். ஜிங்க் பைரோபாஸ்பேட் வெள்ளையாக விழும்போது, ஒவ்வொரு பைரோவும் தன்னிடம் இருந்த இரண்டு ஹைட்ரஜனைக் கரைசலில் விட்டுவிடும். பிஎச் இறங்கும். 0.1 நார்மல் காஸ்டிக் சோடாவால் மறுபடி 3.8-க்கு ஏற்றினால், ஒவ்வொரு மில்லியும் 13.3 மில்லிகிராம் டெட்ராசோடியம் பைரோபாஸ்பேட். சுத்தமான உப்பு அரை கிராம் எடுத்தால் 37.6 மில்லி ஆக வேண்டும். கைவசம் பிஎச் மீட்டர் இருந்தால் இண்டிகேட்டரை நம்பாதீர்கள். கடைசியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காஸ்டிக் விழுந்த இடத்தில் ஜிங்க் ஹைட்ராக்சைடு திரண்டு நிற்கும், அது கரைய நேரம் கொடுக்கணும்.

ஏன் 3.8? அங்கே ஆர்த்தோ ஒரு சோடியம் உப்பாக, ஜிங்க்கைத் தொடாமல் சும்மா இருக்கும். ஆனால் டிரைபாலி சும்மா இருக்காது. அதுவும் ஜிங்க்கைப் பிடித்து அமிலம் விடும். அதனால் சுத்தமான டிரைபாலியை இதே மாதிரி ஓட்டி, அதன் பங்கைத் தெரிந்துகொண்டு கழிக்க வேண்டும்.

டிரைபாலிக்குத் தனி ஆள் உண்டு. மூன்று எத்திலீன்டையமீன் சூழ்ந்த கோபால்ட் உப்பு. பிஎச் 3.5 அளவில் ஒரு டிரைபாலிக்கு ஒரு கோபால்ட் என்று சேர்ந்து வீழ்படிவாகும். வடிகட்டி, உலர்த்தி, எடை போடலாம். நீண்ட சங்கிலி இருந்தால் அமிலக் கரைசலில் பேரியம் சேர்த்து அதை முதலில் இறக்கிவிடலாம். வளைய மெட்டா பேரியத்துக்கும் சிக்காமல் கரைசலிலேயே தங்கும்.

ஆர்த்தோவை மாலிப்டேட்டால் குளிர்ச்சியாக, சட்டென்று பாருங்கள். அந்த அமிலத்தில் நேரம் போகப்போக பைரோவும் உடைந்து கணக்கில் ஏறிக்கொள்ளும். நம்ம பழைய கொதிக்க வைக்கும் முறையைக் கடைசியில், தனியாக வைத்த மாதிரியில், மொத்தம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்று பெரிய லேப்களில் அயான் குரோமடோகிராபி ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறது. அங்கேயும் கரைசலைப் புதுசாகப் போட்டு உடனே செலுத்தணும், முந்தின நாள் கரைத்து வைத்தது ஆகாது.