வாய்க்கரிசியும் ரசீதும்

தென்காசி,
ஆடி மாதம்.

அன்புள்ள மருமகள் செண்பகத்துக்கு,

இங்கே நல்ல சாரல். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கக் குற்றாலம் பேரருவிக்குப் போய்விட்டு, திரும்பும் பஸ்ஸில் உன் கடிதத்தை வாசித்தேன். “சுடுகாட்டில் வேலை பார்ப்பவர் காசு கேட்டதாகப் புகார் வந்தால் நிறுத்திவிட வேண்டியதுதானே மாமா, விசாரணை எதற்கு?” என்று கேட்டிருக்கிறாய்.

அரிச்சந்திரன் கதை உனக்குத் தெரியும். மயானத்துக்கு வரும் பிணத்துக்கு முழத்துண்டு, கால்பணம், வாய்க்கரிசி என மூன்று வரவு. முதல் இரண்டும் ஆண்டை வீரவாகுவுக்கு, வாய்க்கரிசி காவல்காரனான அரிச்சந்திரனுக்கு. இறந்த மகனைச் சுமந்து வந்த மனைவி சந்திரமதியிடம் தன் பங்கை விட்டுக்கொடுத்தான். ஆண்டையின் பங்கை விடவில்லை. எது யாருடைய காசு என்ற கேள்வியில்தான் இன்றைய விசாரணையும் தொடங்குகிறது.

வாய்க்கரிசி போடும்போது அரிசியோடு சில்லறையும் வைப்போம். அது மயானத் தொழிலாளிக்குச் சேருவது ஊர் வழக்கம். கட்டணத்துக்கு ரசீது போட்ட பிறகும், “இன்னும் இரண்டாயிரம் வை, அப்பத்தான் அடுப்பு பத்தும்” என்றால் அது பறிப்பு. அழுதுகொண்டு நிற்பவன் பேரம் பேசமாட்டான் என்று தெரிந்தே செய்வதால் பெரிய குற்றமும்கூட. ஆனால் “காசு வாங்கினான்” என்ற ஒற்றை வரிப் புகாரில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ரசீதின் அடிக்கட்டை, மயானப் பதிவேடு, பாடை தூக்கியவர்கள் சொல்வது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தொழிலாளியின் வாய்ச்சொல், இவற்றை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

அரசு ஊழியருக்குத் தன் தரப்பைச் சொல்ல வழி இருக்கிறது. பெரிய தண்டனை என்றால் ஒழுங்கு நடவடிக்கை விதி ‘17பி’யில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். விளக்கம் எழுதலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்ட பிறகே தண்டிக்க வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் கனடாவின் ஒன்டாரியோவில் ஈமச்சேவையைத் தொழிலாக நடத்தவே உரிமம் வேண்டும். அதைப் பறிப்பதென்றால் காரணத்தை எழுதித் தர வேண்டும். உரிமம் வைத்திருப்பவர் அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

நம் மயானங்களில் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நிற்பவருக்கோ உரிமமும் இல்லை, பணிப்பதிவேடும் இல்லை. “நாளையிலிருந்து வராதே” என்ற ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துவிடும்.

வழி இருப்பவருக்கும் அது எட்டாமல் போகலாம். நான் எழுத்தராக இருந்தபோது ஒரு விசாரணையில் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். குறிப்பாணை கொடுத்து ஒரு மாதமாகியும் அந்த மயானத் தொழிலாளி பதில் தரவில்லை. “குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எழுதிவிடலாமா?” என்றார் அதிகாரி. தாளைத் திருப்பிப் பார்த்தேன். ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே நீல மையில் பெருவிரல் ரேகை. அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். “படிக்கத் தெரியாதுய்யா. ஒருத்தரும் வாசிச்சுச் சொல்லலியே” என்றார். அன்றைக்குத்தான் அவருக்குக் குற்றச்சாட்டை முதன்முதலாக வாசித்துக் காட்டினோம். விசாரணையும் அன்றைக்குத்தான் தொடங்கியது.

நாளைக்கு நீ வக்கீலாகவோ அதிகாரியாகவோ அந்த மேசையில் உட்காரும்போது, புகாரைப் படிப்பதற்கு முன்னால் கையெழுத்து இருக்கிற இடத்தைப் பார். ரேகை இருந்தால், வாசித்துக் காட்டியது யார் என்று கேள்.

அத்தையும் விசாரித்தாள். சாரல் நிற்பதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
மாமா