முதலில் நம் கணக்கு

ஊர்ப் பொறுப்பை ஏற்றவர்கள் பிறர்க்குச் சொல்லவேண்டியவை பல. வீட்டு வரியைக் காலத்தில் செலுத்துங்கள் என்கிறோம்; வாய்க்கால் புறம்போக்கை விட்டு விலகுங்கள் என்கிறோம்; முறைத் தண்ணீரை மீறாதீர்கள் என்கிறோம். கேட்கும் மக்கள் வாய்திறந்து மறுமொழி கூறாவிடினும், சொல்பவர் வீட்டு வரி பாக்கி நிற்கின்றதா, அவர் வயல் வரப்பு வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கின்றதா என்பதை நன்கறிவர். ஆதலின், பிறரை நடத்துவதற்கு முதற்படி தன்னை நடத்துவதேயாம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்கியல் பயின்றவர். பின்னர் காந்தியடிகளுடன் சேர்ந்து கிராமக் கைத்தொழில்களுக்காகவே உழைத்தவர். 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கிற்று. இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியில், நிதியைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. ஊழியர்களின் அன்றாடச் செலவுக்கு அவர் கண்டிப்பான வரம்பு வகுத்தார். காந்தியடிகள் பாட்னாவுக்கு வந்தபோது, உடன் வந்தோரின் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று தெரிவித்துவிட்டார். அடிகளும் காரணத்தைக் கேட்டறிந்து, அதனை ஏற்றுக்கொண்டார்.

இதில் பாடம் இரண்டு. தன் கணக்கில் கறையில்லாதவர்க்கே பெரியோரிடமும் மறுத்துரைக்கும் துணிவு வரும். விதிவிலக்குக் கேட்கும் நிலையிலிருந்தும் கேளாதவர் சொல்லையே பிறர் மதிப்பர்.

"தலைவர் நல்லவராயிருந்தால் மட்டும் போதுமா? வேலை நடக்க வேண்டாமா?" எனச் சிலர் வினவலாம். நியாயமான கேள்வியே. நேர்மை மட்டும் வாய்க்காலைத் தூர் வாரிவிடாது. எனினும், ஆக்கிரமிப்பை அகற்றும் நாளில் தன் வரப்பை முதலில் வெட்டிப் பின்வாங்கிய உறுப்பினர் அடுத்த வயற்காரரிடம் நீண்ட வாதம் புரியவேண்டியதில்லை. தன் வரப்பைத் தொடாதவரோ ஆணையையும் காவலரையும் நாடவேண்டும். வேலை முடிந்த பின்னும் பகை எஞ்சும்.

இனி, நாம் கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள் சில:

1. நம் வீட்டு வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் எவரும் கேட்குமுன் செலுத்திவிடுதல்.

2. பொதுப் பணத்தைச் சொந்தப் பணத்தோடு கலவாமை. செலவை அன்றே எழுதி, ரசீதைச் சேர்த்து வைத்தல்.

3. குடிநீர் இணைப்பாயினும் தெரு விளக்காயினும், உறவினர்க்கும் ஊரார்க்கும் ஒரே வரிசையைப் பின்பற்றுதல்.

4. தவறு நேர்ந்தால், பிறர் கண்டுபிடிக்குமுன் நாமே ஒப்புக்கொண்டு திருத்துதல்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடந்துவந்த கிராம சபைக் கூட்டங்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என 2022-இல் அறிவிக்கப்பட்டது. கூட்டத்திற்கு முந்திய நாள் மாலை, ஒவ்வொரு உறுப்பினரும் சற்றுத் தனித்திருந்து, "நாளை எந்தக் கேள்வி எழக்கூடாதென்று நான் அஞ்சுகிறேன்?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. அக்கேள்விக்குரிய குறையை அன்றிரவே சீர்செய்யத் தொடங்கினால், மறுநாள் சபையில் நிமிர்ந்து அமரலாம். ஊரும் அவர் சொல்லுக்குச் செவிசாய்க்கும்.