கடல் குடிபுகுந்த ஊர்

நுழையும்முன்

வளர்ச்சிக்கு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்பதைக் கடற்கரைச் சிற்றூர் ஒன்று உணர்த்துகிறது.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், செமாராங் நகருக்குக் கிழக்கே டெமாக் மாவட்டத்தில் அமைந்துள்ளது திம்புல்ஸ்லோகோ. முன்பு இங்கு நெல் விளைந்தது, தென்னை செழித்தது. இன்று வீடுகளைக் கடல்நீர் சூழ்ந்துள்ளது. மக்கள் மரப்பலகைப் பாதையில் நடக்கின்றனர்.

கடல்மட்ட உயர்வு மட்டுமே இதற்குக் காரணமன்று. இறால் பண்ணைகளுக்காக அலையாத்திக் காடுகள் அழிக்கப்பட்டதால் கரை தன் காவலை இழந்தது. நகரிலும் தொழிற்பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. நீரிழந்த களிமண் அடுக்குகள் இறுகுவதால், இப்பகுதியில் சில இடங்களில் நிலம் ஆண்டுக்கு 8 செ.மீ. வரை தாழ்கிறது.

மக்கள் வீட்டுத் தரையை மீண்டும் மீண்டும் உயர்த்துகின்றனர், கூரையோ உயர்வதில்லை. நிமிர்ந்து நுழைந்த வாயிலில் இன்று குனிந்து நுழைகின்றனர். உழவர் மீனவராயினர், இளைஞர் பலர் ஆலைத் தொழிலாளராயினர்.

மரக்கழிகளாலும் சுள்ளிகளாலும் தடுப்புகள் அமைத்து, வண்டலைத் தேக்கி, அலையாத்தியை மீட்கும் முயற்சி டெமாக் கடற்கரையில் 2015இல் விரிவாக மேற்கொள்ளப்பட்டது. ஆயினும், நிலம் தாழும்வரை அது முழுப்பயன் தராது. எனவே, கரையைக் காத்தல் நிலத்தடி நீரைக் காப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சிந்தனை வினா

வேலை தரும் ஆலையும் வாழ்விடமான நிலமும் ஒருங்கே நிலைக்க வழி யாது? கலந்துரையாடுக.