பழைய மைனிங் போர்டுக்கு வீட்டு கன்ட்ரோலர்

பிட்காயின் மைனிங் இயந்திரமான ஆன்ட்மைனர் எஸ்9-இன் போர்டு மட்டும் காயலான் கடையில் கிடைத்ததா? அதிலுள்ள 63 சிப்புகளும் சாதாரண சீரியல் மொழிதான் பேசும். தொடக்க வேகம் 115200 பாட். கன்ட்ரோலராக ராஸ்பெர்ரி பை போதும். 5 வோல்ட் ஆர்டுயினோவை நேரடியாகச் செருகிவிடாதீர்கள், போர்டின் சிக்னல் ஒயர்கள் 3.3 வோல்ட்தான் தாங்கும். கிரவுண்ட் ஒயரை மறந்தால் ஒன்றும் வேலை செய்யாது.

பலரும் தடுமாறுவது போர்டிலுள்ள பிக் (PIC) என்ற கட்டுப்பாட்டுச் சிப்பில். ஐ2சி வழியே அதற்கு உத்தரவு போனால்தான் மற்ற சிப்புகளுக்கு மின்சாரம் போகும். அதோடு விட்டதா? ‘நான் இருக்கிறேன்’ என்று கன்ட்ரோலர் அதனிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லையேல் அது தானே மின்சாரத்தை அணைத்துவிடும்.

போர்டின் மூன்று பவர் சாக்கெட்டுக்கும் ஒரே சப்ளையிலிருந்து 12 வோல்ட். ஃபேன் சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகே சுவிட்ச். ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.