சுமை இறங்கிய இடம்

நடுவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள், சுமையோடு சரிவில் இறங்கி வந்து எடை போடுமிடத்தில் வரிசையாக நிற்பர். பறித்த கொழுந்தின் எடை ஏட்டில் ஏறும். அந்த எடை குறைத்து எழுதப்பட்டால் அஃது அநீதி. உழைப்பின் உலகில் கணக்கே அறம். ஆயின், இறைவன் முன்னிலையிலும் இத்தகைய தராசு ஒன்று தொங்குகிறதா? தான் செய்த நன்மைகளை எடையிட்டுக் காட்டி மனிதன் மீட்பைக் கூலியாகப் பெற இயலுமா? இவ்வினாவைத் தன் நடுவே வைத்துப் பேசும் தமிழ்க் காப்பியம் எச்.ஏ. கிருட்டிணனார் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம்.

நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பில் 1827ஆம் ஆண்டு வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் கிருட்டிணனார். கம்பனில் ஊறிய புலமை அவருடையது. 1858இல் கிறித்தவம் தழுவினார். ஆங்கிலத்தில் ஜான் பன்யன் எழுதி 1678இல் வெளிவந்த உரைநடைக் கதையைத் தழுவி, 3766 பாடல்களில் அவர் பாடிய காப்பியம் 1894இல் வெளிவந்தது. பன்யன் கல்லூரி காணாதவர். பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி.

மூலக்கதையில், முதுகில் பெருஞ்சுமையோடு ஒருவன் அழிவின் நகரை விட்டு ஓடுகிறான். அச்சுமை அவனுடைய பாவம். வழியில் உலகறிவு மிக்க ஒருவர் அவனை நிறுத்தி, ஒழுக்கம் என்னும் ஊருக்குச் சென்றால் சுமை எளிதில் நீங்கும் என்கிறார். நல்ல அறிவுரையாகவே தோன்றுகிறது. ஆனால் அவ்வூருக்குச் செல்லும் வழியில் ஒரு மலை அவன் தலைமேல் சரிவதுபோல் கவிந்து நிற்கிறது, தீப்பொறி பறக்கிறது, சுமையோ முன்னிலும் கனக்கிறது. அம்மலை திருச்சட்டத்தின் குறியீடு. தன் ஒழுக்கத்தையே நம்பி நடப்பவனுக்குத் தன் குறைகளே பெரிதாகத் தெரியும் என்னும் உளவியல் உண்மை இங்குப் புலனாகிறது. பின்னர்ச் சிலுவையின் அடியில் சுமை தானே கழன்று உருண்டு, கல்லறைக்குள் மறைகிறது. அவன் அதை அவிழ்க்கவில்லை.

இந்நிகழ்ச்சியைப் பன்யன் சில வரிகளில் கடந்துவிடுகிறார். கிருட்டிணனாரோ குமார பருவத்தில் இயேசு பட்ட பாடுகளை விரிவாகப் பாடுகிறார். இது வெறும் காப்பிய விரிவு அன்று. பெறுபவனுக்கு விலையில்லாத அருள், தருபவருக்கு விலையற்றதாக இருக்கவில்லை. சுமை மறையவில்லை, தோள் மாறியது.

தமிழ் மண்ணுக்கு இச்சிந்தனை முற்றிலும் புதிதன்று. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். அருளைப் பெறுவதில் உயிரின் முயற்சிக்கு இடமுண்டா என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் இவ்வுவமைகளைக் கொண்டே வாதிட்டனர். இரு சமயங்களின் கொள்கைகளும் ஒன்றல்ல. எனினும், வைணவச் சூழலில் வளர்ந்த புலவர்க்கு அருள் என்னும் சொல் அயலாக இருந்திருக்காது.

அருளே போதுமெனில் நல்லொழுக்கம் எதற்கு? கிறித்தவத்தின் தொடக்கக் காலத்திலேயே எழுந்த இவ்வினாவை உரோமையர்க்கு எழுதிய மடலில் பவுலடியார் தாமே எழுப்பி மறுக்கிறார். கதையின் அமைப்பும் இதற்கு விடையளிக்கிறது. சுமை இறங்குவது பயணத்தின் தொடக்கப் பகுதியில். செங்குத்தான மலையும் சிங்கங்களும் அதன் பின்னரே வருகின்றன. நல்வாழ்வு நடந்தே தீரவேண்டிய வழி. நுழைவுக் கட்டணம் அன்று.

சிலுவையடியில் அப்பயணிக்கு முத்திரையிட்ட சுருள் ஒன்று தரப்படுகிறது. விண்ணக வாயிலில் அவன் அதைக் காட்டி உள்ளே செல்கிறான். அவன் பின்னால் இன்னொருவனும் வருகிறான். அறியாமை என்பது அவன் பெயர். அவன் தீயவன் அல்லன்; வேண்டுதலும் நோன்பும் கொடையும் தவறாதவன், கடன் வைக்காதவன். பன்யன் அவனிடம் சற்றுக் கடுமையாகவே நடந்துகொள்கிறார் என்று தோன்றலாம். வாயிற்காவலர் சுருளைக் கேட்கின்றனர். அவன் தன் மடியைத் துழாவுகிறான். இல்லையா என்று மீண்டும் கேட்கின்றனர். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.