கைப்பை வாணிகமும் வாங்குவோர் பிணக்கும்

கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம் இருவகைப்படும். பங்குத் தொகையாகவும் சேமநிதியாகவும் கணக்கேட்டில் காணப்படுவது ஒன்று. சங்கத்தின் சொல்லை நம்பிப் பணம் கொடுக்க முன்வருவோரின் நம்பிக்கை மற்றொன்று. முன்னது குறைந்தால் கடன் பெற்று ஈடுசெய்யலாம். பின்னதைக் கடனாகத் தருவார் எவருமிலர். ஆதலின், வாங்கியவர் ஒருவர், "நான் கேட்ட சரக்கு இதுவன்று" என்று எழுதும்போது அதனை எவ்வாறு ஏற்று முடிவு காண்பது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் கற்றிருத்தல் வேண்டும்.

இப்பாடத்திற்குக் கைப்பையை எடுத்துக்கொண்டோம். இதற்குக் காரணம் உண்டு. பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் விலையுயர்ந்த கைப்பைகள், புதியனவும் பழகியனவும், இன்று இணைய அங்காடிகளில் பெருவாரியாக விற்பனையாகின்றன. ஒரு பையின் விலை பல்லாயிரம் ரூபாயாக இருப்பதால் பிணக்குகளும் மிகுதி. அவற்றைத் தீர்க்கும் விதிகளும் தெளிவாக வகுக்கப்பட்டுள்ளன. கைத்தறித் துணியாலும் கோரையாலும் வாழை நாராலும் புதிய வடிவங்களில் பைகள் செய்து இணையத்தில் விற்க முற்படும் சங்கங்களுக்கு அவ்விதிகள் நேரே பயன்படும்.

பிணக்கு தோன்றும் இடம்

கடைக்கு வந்து வாங்குபவர் பையைக் கையில் எடுக்கிறார், திறந்து பார்க்கிறார், தோளில் மாட்டிப் பார்க்கிறார். இணையத்தில் வாங்குபவருக்கு இவற்றுள் எதுவும் கிட்டாது. படத்தையும் நாம் எழுதிய விவரத்தையும் நம்பியே அவர் பணம் செலுத்துகிறார். எனவே அவர் முதலில் வாங்குவது நமது சொல்லை; பை பின்னர்தான் வருகிறது. வந்த பையை நமது சொல்லோடு ஒப்பிட்டு நோக்கும்போது இரண்டிற்கும் இடையே காணும் வேறுபாடே பிணக்காகிறது.

பிணக்குகளை ஐந்தாகப் பகுக்கலாம். சரக்கு வந்து சேரவில்லை என்பது முதலாவது. விவரத்துக்கு மாறானது, அல்லது குறையுடையது என்பது இரண்டாவது. வழியில் சேதமுற்றது என்பது மூன்றாவது. உண்மையான சரக்கன்று, போலி என்பது நான்காவது. குறை ஏதும் இல்லாதபோதும் மனம் மாறித் திருப்ப விரும்புவது ஐந்தாவது. புகார் வந்தவுடன் அது எவ்வகையைச் சார்ந்தது என்று தெளிதல் முதற்கடமை. ஒவ்வொன்றுக்கும் உரிய மருந்து வேறு.

பார்சல் புறப்படுமுன்

பிணக்கில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் பார்சல் புறப்படுமுன்னரே முடிவாகிவிடுகின்றன. பின்னர் எழுதும் பத்துக் கடிதங்களைவிட முன்னர் எடுத்த ஒரு படம் வலிமையுடையது.

விவரம் எழுதும்போது பையின் நீளம், உயரம், அடிப்பக்க அகலம், கைப்பிடியின் தொங்கல் ஆகியவற்றைச் செ.மீ. கணக்கில் அளந்து எழுதுக. பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பகுதி, நான்கு மூலைகள், உட்துணி, ஜிப்பு, கைப்பிடித் தையல் ஆகிய அனைத்தையும் படம் எடுக்க. பழகிய பையாயின் மூலைத் தேய்மானம், கைப்பிடியில் படிந்த கறை, உள்ளே வீசும் வாடை ஆகியவற்றையும் மறையாது எழுதுதல் வேண்டும். "நல்ல நிலையில் உள்ளது" என்னும் பொதுச்சொல் எவருக்கும் பயன்படாது. "இடப்புற மூலையில் 1 செ.மீ. அளவில் தேய்மானம் உண்டு" என்பதே பயன்படும் சொல்.

கைநெசவுப் பைகளுக்கு மேலும் ஒரு விதி உண்டு. இழையில் சிறு ஏற்றத்தாழ்வும் ஒரு பைக்கும் மற்றொன்றுக்கும் சாயத்தில் மெல்லிய வேறுபாடும் கைநெசவின் இயல்பு என்பதை முன்னரே தெரிவித்தல் வேண்டும். வாங்குமுன் தெரிவித்தால் அது விளக்கம். புகாருக்குப் பின் தெரிவித்தால் அதுவே சாக்குப்போக்காகத் தோன்றும். சாயம் இறங்கக்கூடியதாயின் அதனை இயல்பென்று சொல்லி நழுவுதல் ஆகாது, அது குறையே.

கட்டும்போது பையையும், அதனைப் பெட்டியில் வைப்பதையும், பெட்டி மூடி ஒட்டப்படுவதையும் இடையறாத ஒரே வீடியோவாக எடுத்து வைக்க. எடை குறித்த அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துக. விலைமிக்க பார்சலை இன்ஷூர் செய்து, கையெழுத்துப் பெற்றே ஒப்படைக்கும் முறையில் அனுப்புக. ஈபே என்னும் அமெரிக்க அங்காடியும் பேபால் என்னும் பணப்பட்டுவாடா நிறுவனமும் 750 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள சரக்குக்குக் கையெழுத்துச் சான்று இருந்தால்தான் 'வந்து சேரவில்லை' என்னும் புகாரில் விற்றவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன.

புகார் வந்தபின்

முதலாவது, காலம். 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, இணைய அங்காடி வழியே விற்பவரும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்தல் வேண்டும்; புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் அவர் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவும் வேண்டும். அங்காடிகளின் தவணை இதனினும் குறுகியது. ஈபேயில் சரக்கு வந்த நாள் முதலாக, அல்லது வந்து சேருமெனக் கணக்கிட்ட கடைசி நாள் முதலாக, 30 நாள்களுக்குள் வாங்கியவர் புகார் செய்யலாம். விற்றவருக்குப் பதிலளிக்க 3 வேலை நாள்களே உண்டு. பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள் வரை பிணக்கு எழுப்பலாம். ஆகவே சான்றுகளை ஆறு திங்களேனும் அழியாது காத்தல் வேண்டும்.

இரண்டாவது, மொழி. புகாரில் சினம் இருக்கலாம். பதிலில் இருத்தல் ஆகாது. வாங்கியவரைப் பொய்யர் என்று எழுதிய கடிதம் நாளை நடுவரின் முன் நமக்கு எதிராகவே பேசும். "தங்கள் புகார் கிடைத்தது. குறை தெரியும் வகையில் படங்கள் அனுப்பக் கோருகிறோம். கிடைத்த இரண்டு நாள்களுக்குள் எங்கள் முடிவைத் தெரிவிப்போம்" என்பது போதும். எழுத்துப் போக்குவரத்து முழுவதும் அங்காடியின் செய்திப் பகுதியிலேயே நடைபெறுக. தொலைபேசியில் பேசியதற்குச் சான்று கிடையாது.

மூன்றாவது, தீர்ப்பு. படங்களையும் நமது விவரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுக. தவறு நம்முடையதாயின் உடனே ஒப்புக்கொண்டு சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்துவிடுதல் நன்று. இது பெருந்தன்மை மட்டுமன்று, சட்டமும் ஆகும். குறையுள்ளதும், போலியானதும், விளம்பரத்திற்கு மாறானதுமான சரக்கைத் திரும்பப் பெற மறுப்பதையும் பணத்தைத் தர மறுப்பதையும் மேற்கூறிய விதிகள் தடுக்கின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பையின் விலை ரூ. 4,000 என்றும், கைப்பிடித் தையல் ஓரிடத்தில் தளர்ந்திருந்தது என்றும் கொள்வோம். பை திரும்பினால் போக்குவரத்துச் செலவு இருவழியும் ரூ. 300, பிரித்த பையை ரூ. 1,000 குறைத்தே மறுபடி விற்க முடியும், நட்டம் ரூ. 1,300. வாங்கியவர் ரூ. 400 தள்ளுபடி பெற்றுப் பையை வைத்துக்கொள்ள இசைந்தால் இரு தரத்தாருக்கும் நலம். ஆனால் அவ்விசைவு அவர் விருப்பமாக இருத்தல் வேண்டும். முழுப் பணமும் பெறும் உரிமை அவருக்கு உண்டு என்பதை மறைத்துத் தள்ளுபடியில் முடிப்பது நாணயமன்று. நல்ல மதிப்புரை எழுதினால் பணம் தருவோம் என்று பேரம் பேசுவதும் தகாது. வாங்கியவர்போல் வேடமிட்டு விற்பவரே மதிப்புரை எழுதுவதை விதிகள் வெளிப்படையாகத் தடைசெய்துள்ளன.

மனமாற்றத்தால் திருப்புவது வேறு. அதற்கு நாம் முன்னரே அறிவித்த நிபந்தனையே அளவுகோல். கழற்றினால் மீண்டும் மாட்ட இயலாத அட்டை ஒன்றைப் பையின் வெளிப்புறம் தெரியக் கட்டி, அது கழற்றப்பட்ட பையை மனமாற்றத்திற்காகத் திரும்பப் பெறுவதில்லை என்று எழுதி வைப்போர் உண்டு. பையை ஒரு விழாவிற்கு எடுத்துச் சென்று மறுநாள் திருப்புவதை இது தடுக்கும். ஆயினும் அட்டை கழற்றப்பட்டதைக் காட்டிக் குறையுள்ள பையை மறுத்தல் கூடாது.

திரும்பி வந்தது நமது பைதானா?

நல்ல பையை வைத்துக்கொண்டு வேறொரு பையைத் திருப்பி அனுப்பும் வஞ்சகம் விலையுயர்ந்த கைப்பை வாணிகத்தில் நெடுங்காலமாக உள்ளது. திரும்பி வந்த பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரிக்க. எடையைப் பழைய ரசீதோடும், தையல், உட்துணி, உலோகப் பூட்டின் கீறல் ஆகியவற்றை முந்தைய படங்களோடும் ஒப்பிடுக. வேறுபாடு கண்டால் பணம் விடுவிக்கப்படுமுன் தவணைக்குள் அங்காடிக்குச் சான்றுடன் முறையிடுக. தொகை பெரிதாயின் காவல்துறையிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்க. வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் பொதுவெளியில் இட்டுத் தூற்றுதல் மட்டும் எக்காலத்தும் ஆகாது.

உண்மையா, போலியா?

பெயர்பெற்ற நிறுவனங்களின் பைகளில் இதுவே கடினமான பிணக்கு. பையினுள் எண் இருந்தால் உண்மை என்று பலர் எண்ணுவர். லூயி விட்டோன் பைகளில் பல்லாண்டுகளாக இருந்த எழுத்தும் எண்ணும் பை செய்யப்பட்ட இடத்தையும் காலத்தையும் மட்டுமே குறித்தன. ஒரே குறியீடு பல பைகளில் இருக்கக்கூடும். போலி செய்வோரும் அதனைப் பொறித்தனர். 2021 முதல் அந்நிறுவனம் அதற்குப் பதிலாக மின்சில்லைப் பொருத்தி வருகிறது.

போலிச் சரக்குப் பற்றிய வழக்குகள் அங்காடிகளையே உலுக்கியுள்ளன. 2008 இல் பாரிஸ் வணிக நீதிமன்றம், லூயி விட்டோனின் தாய் நிறுவனத்திற்கு ஏறத்தாழ 4 கோடி யூரோ இழப்பீடு வழங்க ஈபேக்கு ஆணையிட்டது. மேல்முறையீட்டில் தொகை பெரிதும் குறைந்தது; 2014 இல் இரு தரத்தாரும் சமரசம் செய்துகொண்டனர். 2021 முதல் ஈபே, விலைமிக்க கைப்பைகளை வல்லுநர் சோதித்த பின்னரே வாங்கியவருக்கு அனுப்பும் முறையைக் கொணர்ந்தது. திரும்பும் பையும் அவ்வல்லுநரிடமே வந்து சோதிக்கப்படுவதால் மாற்றுப்பை வஞ்சகத்திற்கும் வழி குறைந்தது.

நம்மிடமும் இதே வினா எழும். "இது உண்மையில் கைத்தறிதானா?" என்று வாங்கியவர் கேட்பார். அதற்கு விடையாகவே 2006 முதல் கைத்தறி முத்திரை உள்ளது. அம்முத்திரையும், எந்த நூல், எந்தத் தறி, எந்த நாள் என்று காட்டும் சங்கப் பதிவேடும் வாய்ச்சொல்லினும் வலியன.

மற்றொன்றும் கருதத்தக்கது. பெயர்பெற்ற நிறுவனத்தின் குறியை நெய்து தருமாறு கேட்டு நல்ல விலை தர முன்வருவோர் உளர். 1999 ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின்படி போலிக் குறியிடுதலும் அவ்வாறு குறியிட்ட சரக்கை விற்றலும் 6 திங்கள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் பெறும் குற்றங்கள். நம் கைத்திறனுக்குப் பிறர் பெயர் எதற்கு?

உடன்பாடு காணாவிடின்

அங்காடியின் முடிவு இறுதியன்று. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிட இடமளிக்கிறது. காலவரை 2 ஆண்டு. தில்லியில் வாழ்பவர் தில்லியில் வழக்கிட்டால் நமது சங்கம் அங்குப் பதிலளித்தல் வேண்டும். நான்காயிரம் ரூபாய்ப் பைக்காக நெடுந்தொலைவு சென்று வழக்காடும் செலவு எவர் தலையில் விழும்? நெய்தவர் மீதும், நூற்றவர் மீதும், கோரையும் வாழையும் பயிரிட்டவர் மீதுமே விழும். சமரசப் பேச்சுக்கு அனுப்பவும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. அவ்வாய்ப்பு வந்தால் விலக்காது ஏற்க.

எனவே ஒவ்வொரு சங்கமும் பிணக்குப் பதிவேடு ஒன்று வைத்தல் நலம். புகார் நாள், வகை, முடிவு, செலவு ஆகியவற்றைக் குறித்துத் திங்கள்தோறும் நிர்வாகக் குழுவின் முன் வைக்க. மூன்று புகார்கள் ஒரே கைப்பிடித் தையலைப் பற்றியன எனில், திருத்தப்பட வேண்டியது வாங்குவோரின் மனமன்று, நமது தையலே.

1844 இல் ராச்டேல் நகரில் கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். கலப்பற்ற சரக்கு, குறையாத எடை என்பன அவர்கள் கொண்ட நெறிகள். வாங்குவோர் முகம் காணாத இன்றைய சந்தையில் அந்நெறியின் பெயர் மெய்யான விவரம், குறையாத சான்று என்பதாகும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நமது சங்கம் விற்கும் ஒரு பொருளுக்குக் குறைகளையும் உட்படுத்தி விவரம் எழுதுக. அதைப் படித்த பிறர் பொருளைக் காணாமலே அதன் தோற்றத்தைக் கூற இயலுகிறதா?

2. சாயம் வேறுபட்டது என்று வந்த புகாரில், இயல்பையும் குறையையும் எவ்வாறு பிரித்தறிவீர்?

3. நமது சங்கத்தில் 48 மணி நேரத்திற்குள் பதில் எழுதும் பொறுப்பு யாருடையது? அவர் ஊரில் இல்லாத நாளில் யாருடையது?